20 மில்லிகிராமுக்கே அட்மிஷனா? பிசிஎல்-2 பற்றித் தெரிந்தவர்கள் விளக்குங்கள்

பவானி_ஜமக்காளம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம்ங்க. எங்க அப்பாவுக்கு 67 வயசு. சிஎல்எல்னு சொல்ற ரத்தப் புற்றுநோய். முதல்ல கொஞ்ச காலம் மருந்தே வேண்டாம்னு ரத்தம் மட்டும் பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் கீமோ கொடுத்தாங்க, நல்லாத்தான் இருந்தார். இப்ப திரும்ப வந்திருக்கு. வெள்ளையணு 1,40,000. சிடி ஸ்கேன்ல வயித்துக்குள்ள ஒரு நெறிக்கட்டி 6 செ.மீ. இருக்குன்னு எழுதியிருக்கு.

குரோமோசோம்ல துண்டு ஏதும் போயிருக்கான்னு பாக்கற ஃபிஷ் டெஸ்ட் ரிப்போர்ட்டில் 13க்யூ டிலீஷன், 17பி டிலீஷன்னு ரெண்டு வரி. டாக்டர் அதைப் பாத்துட்டு, "இனிமே கீமோ கேட்காது, மாத்திரைக்குப் போயிடலாம்"னு சொல்லி வெனிடோக்ளாக்ஸ் எழுதினார். முதல் வாரம் 20 மி.கி., அடுத்த வாரம் 50, அப்புறம் 100, 200, கடைசியா 400. அதுக்கப்புறம் ரிட்டுக்ஸிமாப் ஊசியும் சேருமாம். முதல் ரெண்டு தடவை மாத்திரை ஏத்தும்போது ஆஸ்பத்திரியில தங்கணும், மாத்திரை போட்டு ஆறேழு மணி நேரத்துல ஒரு ரத்தம், மறுநாள் ஒரு ரத்தம்னு எடுப்பாங்களாம்.

அப்பா லாரி ஓட்டினவர், எதையும் கேள்வி கேக்காம ஒத்துக்க மாட்டார். "காய்ச்சல் மாத்திரையே 500, 650னு போடறோம். 20 மில்லிகிராமுக்கு எதுக்குடா பெட்ல படுக்கணும்? அவ்வளவு விஷமா அது?"ன்னு கேக்கறார். டாக்டர் கூட்டத்துல ஒரே வரியில சொன்னது, "இது பிசிஎல்-2னு ஒரு புரதத்தை அடைக்கும், செல் தானா செத்துப்போகும்"னு. தானா எப்படிங்க சாகும்? முன்னாடி ஏன் சாகலை? அப்பாகிட்ட சொல்ற மாதிரி யாராச்சும் விளக்கினீங்கன்னா புண்ணியமாப் போகும்.

---

நுண்ணோக்கி

தம்பி, நான் ரத்தவியல் துறையில் ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக எண்ணி வகை பிரிக்கும் முறை) ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் பிஎச்டி செய்தது இந்தப் பிசிஎல்-2 குடும்பத்தில்தான், அதனால் இந்தக் கேள்வியைக் கடந்துபோக மனம் வரவில்லை. நீளமாக எழுதுகிறேன், அப்பாவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

அட்மிஷன் போடுவது மருந்து விஷம் என்பதால் இல்லை. அவர் உடம்பில் இருக்கும் அந்தச் செல்கள் சாவதற்குத் தயாராக நிற்கின்றன என்பதால்.

சிஎல்எல் ரத்தத்தை ஸ்லைடில் இழுத்துப் பார்த்தால் லிம்ஃபோசைட் என்ற வகை வெள்ளையணுக்கள் சின்னச் சின்னதாக வரிசையாக இருக்கும். கரு இறுகி, ஓரத்தில் மெல்லிய நீல விளிம்போடு, பார்க்க ஒரு குற்றமும் சொல்ல முடியாத செல்கள். நடுநடுவே நசுங்கிப் படர்ந்த சில, ஸ்மட்ஜ் செல் என்போம். ஸ்லைடில் இழுக்கும்போதே நசுங்கிவிடும் அளவுக்கு அவை மென்மையானவை. புற்றுநோய் என்றதும் வெறிகொண்டு பிரிந்து பெருகும் செல்லை நினைக்கிறோம். ரத்தத்தில் ஓடும் சிஎல்எல் செல்களில் மிகப் பெரும்பாலானவை பிரிவதே இல்லை, சும்மா இருக்கின்றன. நெறிக்கட்டிக்குள்தான் கொஞ்சம் பிரிகின்றன. பிறப்பு அதிகமாகி எண்ணிக்கை ஏறுவது ஒரு வழி. சாவு குறைந்து ஏறுவது இன்னொரு வழி. உங்கள் அப்பாவின் 1,40,000 பெரும்பாலும் இரண்டாவது வழியில் வந்தது.

நம் உடம்பில் ஒவ்வொரு நாளும் பல ஆயிரம் கோடி செல்கள் தாமாகவே செத்துக்கொண்டிருக்கின்றன. அடிபட்டோ கிருமி தின்றோ அல்ல, உள்ளிருந்து வரும் கட்டளையில். ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டேர் கரி மூவரும் 1972இல் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். வேலை முடிந்த லிம்ஃபோசைட்டும் இப்படித்தான் போக வேண்டும். ஒரு காய்ச்சலின்போது பெருகிய செல்கள் காய்ச்சல் போனதும் போய்விடுகின்றனவே, அது இதனால்தான்.

அந்தச் சாவைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன். ஆய்வகத்தில் ஹீலா என்ற, வளர்ப்பு மனிதப் புற்றுநோய்ச் செல்கள் தட்டின் அடியில் பரந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டாரோஸ்போரின் என்ற வேதிப்பொருளை ஊற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கொஞ்ச நேரத்தில் செல் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாகும். பிறகு சவ்வு முழுக்கக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், உள்ளே போகும், இன்னொரு பக்கம் கிளம்பும். கடைசியில் செல் சின்னச் சின்ன மூட்டைகளாகப் பிரிந்துவிடும். ஆனால் மூட்டை ஒன்றும் உடைந்து கொட்டாது. சவ்வின் உள்பக்கம் இருக்க வேண்டிய பாஸ்ஃபாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் வந்துவிடும்; அதைப் பார்த்துத்தான் பக்கத்தில் இருக்கும் மேக்ரோஃபேஜ் வந்து விழுங்கும். எங்கள் ஆய்வகத்தில் அனெக்ஸின்-வி என்ற சாயப் புரதத்தை ஒட்டி அந்தக் கொழுப்பைத்தான் எண்ணுகிறோம்.

இனி பிசிஎல்-2. 1980களின் நடுவில் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் யோஷிஹிடே சுஜிமோட்டோவும் கார்லோ க்ரோச்சேயும் ஃபாலிக்குலர் லிம்ஃபோமா என்ற வேறொரு நோயில் 14ஆம் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்ட இடத்தைத் தோண்டி இந்த ஜீனை எடுத்தார்கள். பி-செல் லிம்ஃபோமாவில் கிடைத்த இரண்டாவது என்பதால் அந்தப் பெயர். புற்றுநோய் ஜீன் என்றால் செல்லைப் பிரியச் சொல்லும் ஜீனாகத்தான் இருக்கும் என்பது அன்றைய பொது எண்ணம்.

1988இல் மெல்போர்னின் வால்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவனத்தில் டேவிட் வாக்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் இருவரின் கீழ் வேலை பார்த்தவர், செய்த சோதனையை நான் எங்கே பேசினாலும் சொல்வேன். ஐஎல்-3 என்ற வளர்ச்சிப் பொருள் இருந்தால்தான் உயிரோடிருக்கும் ரத்தச் செல்களை எடுத்துக்கொண்டார். சிலவற்றில் பிசிஎல்-2 ஜீனைச் சேர்த்தார். பிறகு ஐஎல்-3ஐ நிறுத்திவிட்டார். சாதாரணச் செல்கள் செத்தன. பிசிஎல்-2 இருந்தவை சாகவில்லை. பெருகவும் இல்லை! சும்மா உட்கார்ந்திருந்தன. செல்லைச் சாகவிடாமல் வைத்திருப்பதே புற்றுநோய்க்கு ஒரு வழி என்பது அந்தத் தட்டில்தான் தெரிந்தது. உங்கள் அப்பாவின் ரத்தத்தில் இருப்பதும் அந்தக் காட்சிதான்.

எப்படித் தடுக்கிறது? செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது, சக்தி தயாரிக்கும் இடம். அதன் வெளிச்சவ்வில் பாக்ஸ், பாக் என்ற இரண்டு புரதங்கள் கூட்டுச் சேர்ந்தால் ஓட்டை விழும். ஓட்டை வழியாக சைட்டோக்ரோம்-சி வெளியே வரும். அது வெளியே வந்தால் சாவு தொடங்கும் என்பதை 1996இல் ஷியாவ்டாங் வாங்கின் குழு காட்டியது. அங்கிருந்து காஸ்பேஸ்-9, காஸ்பேஸ்-3 என்று ஒன்றை ஒன்று தூண்டிவிடும். காஸ்பேஸ்கள் வெட்டும் நொதிகள். செல்லின் எலும்புக்கூட்டை, டிஎன்ஏவைக் காக்கும் புரதங்களை எல்லாம் வெட்டும். ஓட்டை விழுந்த பிறகு பொதுவாகத் திரும்பி வர வழி கிடையாது.

பாக்ஸ், பாக் இரண்டையும் தூண்டுபவை பிம், பூமா, பிட் முதலிய சிறு புரதங்கள். பிசிஎல்-2வின் உடம்பில் நீளமான ஒரு பள்ளம் உண்டு. பிம் வந்தால் அந்தப் பள்ளத்தில் வாங்கிப் பிடித்துக்கொள்ளும், போகவிடாது. பிசிஎல்-2வின் வேலை மொத்தமும் இந்தப் பிடிப்புதான்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பாஸ்டனில் டானா-ஃபார்பர் நிறுவனத்தில் ஆண்டனி லெட்டாயின் குழு 2007இல் சிஎல்எல் செல்களைச் சோதித்தபோது, அவற்றின் பிசிஎல்-2 முழுக்க ஏற்கெனவே பிம் பிடிபட்டு நிற்பதைக் கண்டது. அதாவது அந்தச் செல்லுக்குச் சாவுக் கட்டளை எப்போதோ வந்துவிட்டது. பிசிஎல்-2 அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. வெனிடோக்ளாக்ஸ் அதே பள்ளத்தில் போய் உட்காரும் மருந்து. பிம் கழன்று விடும். மருந்து செல்லைக் கொல்வதில்லை, பிடியை விடுவிக்கிறது. உங்கள் டாக்டர் "தானா" என்று சொன்னது இதைத்தான்.

இப்போது 20 மில்லிகிராம். பிடி ஒரே நேரத்தில் எல்லாச் செல்லிலும் விட்டால் என்ன ஆகும்? இந்த மருந்தை முதன்முதலில் விவரித்த 2013ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, மற்ற மருந்துக்கு அசையாத மூன்று சிஎல்எல் நோயாளிகளுக்கு ஒரே ஒரு டோஸ் கொடுத்து 24 மணி நேரத்துக்குள் கட்டி கரைந்தது பதிவாகியிருக்கிறது. படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனால் அதுவே ஆபத்தும். செத்த செல்லைத் தின்று துப்புரவு செய்யும் மேக்ரோஃபேஜுக்கும் ஒரு அளவு இருக்கிறது. கிலோக்கணக்கில் செல் கரைந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் ரத்தத்தில் கலக்கும். டிஎன்ஏ சிதைந்து யூரிக் அமிலமாகி சிறுநீரகத்தை அடைக்கும். கால்சியம் இறங்கும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். இதற்கு ட்யூமர் லைசிஸ் என்று பெயர். ஆரம்பகாலச் சோதனைகளில் அதிக அளவில் தொடங்கியபோது உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. 20, 50, 100, 200, 400 என்ற ஐந்து வாரப் படி அதற்குப் பிறகு வந்ததுதான்.

படுக்கை யாருக்கு வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. லிம்ஃபோசைட் 25,000க்கு மேல் இருந்து, நெறிக்கட்டியும் 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் அதிக ஆபத்துப் பிரிவு. அப்பாவுக்கு இரண்டும் இருக்கிறது. அதனால்தான் 20க்கும் 50க்கும் உள்ளே வைத்துப் பார்க்கிறார்கள். எடுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், கால்சியம், யூரிக் அமிலம், கிரியாட்டினின் பார்ப்பார்கள். முன்கூட்டியே யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோப்யூரினால் எழுதியிருப்பார், பாருங்கள். தண்ணீர் எவ்வளவு குடிக்கச் சொன்னாரோ அதைக் குறைக்க வேண்டாம்.

ரிப்போர்ட்டின் அந்த இரண்டு வரிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 13க்யூ, 17பி என்பவை 13ஆம், 17ஆம் குரோமோசோம்களின் பகுதிகள்; டிலீஷன் என்றால் அங்கே துண்டு போய்விட்டது. 13க்யூ போன இடத்தில் மிர்-15, மிர்-16 என்ற இரண்டு சிறு ஆர்என்ஏக்கள் இருந்தன. பிசிஎல்-2வை அடக்கி வைப்பது அவற்றின் வேலைகளில் ஒன்று. அவை போனால் பிசிஎல்-2 ஏறும். க்ரோச்சேயின் குழுதான் இதையும் கண்டுபிடித்தது, ஜீனைத் தோண்டி எடுத்து ஏறக்குறைய இருபது ஆண்டுக்குப் பிறகு. 17பியில் இருப்பது பி53 என்ற ஜீன். கீமோ டிஎன்ஏவைச் சேதப்படுத்தும், சேதத்தைப் பார்த்து பி53 பூமாவையும், அதே மாதிரியான நாக்ஸா என்ற புரதத்தையும் கிளப்பும், செல் சாகும். பி53 இல்லையென்றால் சேதம் நடந்தும் சொல்ல ஆளில்லை. அதனால்தான் "கீமோ கேட்காது" என்றார். வெனிடோக்ளாக்ஸ் பி53ஐத் தாண்டிக் கீழே வேலை செய்கிறது. அமெரிக்காவில் 2016 ஏப்ரலில் இதற்கு முதல் அனுமதி கிடைத்ததே 17பி போன, ஏற்கெனவே சிகிச்சை எடுத்த சிஎல்எல் நோயாளிகளுக்குத்தான்.

அப்பாவிடம் சொல்லுங்கள், மில்லிகிராமைக் காய்ச்சல் மாத்திரையோடு ஒப்பிட முடியாது. அந்தப் பள்ளத்தில் இது உட்காரும் இறுக்கம் அப்படி.

---

மதுரை_மருந்தாளர்

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். கடைப் பக்கத்திலிருந்து சில விஷயம் மட்டும்.

இந்த மாத்திரையைக் கல்லீரலில் உடைப்பது சிஒய்பி3ஏ4 என்ற நொதி. அந்த நொதியை அடக்கும் எதைச் சாப்பிட்டாலும் ரத்தத்தில் மருந்தின் அளவு எகிறும். பூஞ்சைக்குக் கொடுக்கும் இட்ராகொனசோல், வோரிகொனசோல், போசகொனசோல், ஆன்டிபயாடிக்கில் க்ளாரித்ரோமைசின், இவை நான்கும் முக்கியம். படர்தாமரைக்குக் கூட இப்போது இட்ராகொனசோல் சாதாரணமாக எழுதுகிறார்கள். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் வெனிடோக்ளாக்ஸ் ஓடுகிறது என்று முதலில் சொல்லிவிடுங்கள். குறிப்பாக இந்த ஐந்து வாரத்தில்.

கிரேப்ஃப்ரூட், ஸ்டார் ஃப்ரூட் கூடாது. பம்ளிமாஸும் கிரேப்ஃப்ரூட் இனம்தான், தள்ளி வையுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டோடு, தினமும் ஒரே நேரத்தில். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாக ஏறாது. உடைக்கவோ மெல்லவோ கூடாது. வாந்தி எடுத்துவிட்டால் அன்றைக்கு இன்னொன்று போடக் கூடாது, மறுநாள் வழக்கமான நேரத்தில் போட்டால் போதும். நேரம் தவறி எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டாலும் அன்றையதை விட்டுவிட வேண்டியதுதான். சில நாள் தொடர்ந்து விட்டுப்போனால் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். திரும்பக் கீழிருந்து ஏற்ற வேண்டி வரலாம்.

---

பவானி_ஜமக்காளம்

அக்கா, ரொம்ப நன்றிங்க. அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். "பவானிசாகர்ல தண்ணி முட்டி நிக்கறப்ப மதகை ஒரேயடியா தூக்கினா கீழ ஊரு போயிடும், அதானே?"ன்னு கேட்டார். ஆமான்னு சொல்லிட்டேன். அட்மிஷனுக்கு ஒத்துக்கிட்டார்.

இன்னும் ரெண்டு சந்தேகம்ங்க. பிசிஎல்-2 நல்ல செல்லுலயும் இருக்கும்தானே? அதுகளும் சாகாதா? அப்புறம் சொந்தக்காரர் ஒருத்தர் மஞ்சள்ல இருந்து எடுத்த குர்குமின் மாத்திரை டப்பா கொண்டுவந்து கொடுத்துட்டார். அதுவும் புற்றுநோய்ச் செல்லை அப்போப்டோசிஸ் பண்ணும்னு யூடியூப்ல வந்துச்சாம். கூடச் சேத்துப் போடலாமாங்க?

---

நுண்ணோக்கி

அப்பா சொன்னதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது.

நல்ல செல்லிலும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான செல்களில் பிசிஎல்-2 காலியாக நிற்கும், அல்லது பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 என்ற உறவுப் புரதங்களைச் சார்ந்து அந்தச் செல் வாழும். பள்ளத்தில் பிம் பிடிபட்டிருக்காத செல்லுக்கு இந்த மருந்தால் பெரிய அதிர்ச்சி இல்லை. மருந்து நோயைக் குறிவைப்பதற்கு முக்கியக் காரணமே நோய்ச் செல்லின் நிலைமைதான். ஆனாலும் சேதமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு குறையும், இது அடிக்கடி நடப்பது. நல்ல பி-செல்களும் அடிவாங்கும். அதனால் காய்ச்சல் என்றால் வீட்டில் மாத்திரை போட்டுப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், ராத்திரியானாலும் கூப்பிடுங்கள். உயிருள்ள கிருமி வைத்த தடுப்பூசி எதுவும் இப்போது வேண்டாம்.

குர்குமின் பற்றி உறுதியாகச் சொல்கிறேன்: டப்பாவை எடுத்து வையுங்கள். தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல் மேல் குர்குமின் ஊற்றினால் செல் சாவது உண்மை, நானே பார்த்திருக்கிறேன். தட்டில் ஊற்றும் அடர்த்தி என்ன என்பதை யூடியூப்காரர் சொல்வதில்லை. வாயால் சாப்பிட்டால் குடல் மிகக் கொஞ்சமே உறிஞ்சும், அதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். செல்லைக் கொல்லும் அளவு ரத்தத்தில் நிற்பதே இல்லை. இன்னொன்று, தட்டில் வளரும் செல் எத்தனையோ பொருளுக்குச் சாகும். அனெக்ஸின் ஏறிய செல்லைக் காட்டும் ஆய்வுக் கட்டுரைகள் மூலிகை மூலிகையாக வந்துகொண்டே இருக்கின்றன. மனுஷ உடம்பில் கட்டி கரைந்து, சோதனையில் ஆயுள் நீண்டதைக் காட்டுவது முற்றிலும் வேறு வேலை. அதற்கு 1988க்கும் 2016க்கும் இடையில் 28 வருஷம் ஆனது.

சாம்பாரில் போடும் மஞ்சளுக்கு ஒன்றும் இல்லை. அடர்த்தியாக்கிய மாத்திரைதான் பிரச்சினை. மிளகுச் சத்தான பைப்பரின் சேர்த்து விற்கும் டப்பாக்களும் உண்டு, மற்ற மருந்துகளின் அளவை மாற்றும் குணம் பைப்பரினுக்கு இருக்கிறது. அளவை மில்லிகிராம் மில்லிகிராமாக ஏற்றும் வாரங்களில் இந்த விளையாட்டே வேண்டாம். டப்பாவின் போட்டோவை டாக்டரிடம் காட்டுங்கள். கொண்டுவந்த சொந்தக்காரர் மனம் நோகக் கூடாதென்றால் "டாக்டர் பிறகு சொல்வதாகச் சொன்னார்" என்று சொல்லிவிடுங்கள்.

---

எம்எஸ்சி_உயிர்வேதியியல்

மேடம், நான் முதலாண்டு மாணவி. பாடத்தில் இந்தக் குடும்பம் முழுக்க ஒரே அட்டவணையாக இருக்கிறது, மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் ஏன் என்று புரியவில்லை. பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 இரண்டும் இதே வேலையைத்தான் செய்கின்றன என்றால், எல்லாவற்றையும் ஒன்றாக அடைக்கும் ஒரே மருந்து செய்யலாமே? நோய் தப்பிக்கவே வழியிருக்காதே?

---

நுண்ணோக்கி

அம்மா, அட்டவணையை மூடி வைத்துவிட்டு இந்தக் கதையைப் பாருங்கள்.

சிகாகோ பக்கத்தில் இருந்த அபாட் நிறுவனத்தில் ஸ்டீவ் ஃபெஸிக்கின் குழு 1996இல் பிசிஎல்-எக்ஸ்எல்லின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டது. அந்தப் பள்ளம் நீளம், தட்டை, எண்ணெய்ப்பசை மாதிரி நீர் ஒட்டாதது. இரண்டு புரதம் ஒட்டும் அப்படிப்பட்ட இடத்தைச் சின்ன மருந்து மூலக்கூறு ஒன்றால் அடைக்க முடியாது என்பதே அப்போது பலரின் முடிவு. அவர்கள் மூலக்கூறின் வடிவத்தைக் காந்தப்புலத்தில் வைத்துப் பார்க்கும் என்எம்ஆர் கருவியில் சின்னத் துண்டுகளாகப் பள்ளத்தின் வெவ்வேறு மூலையில் ஒட்டுபவற்றைத் தேடி, பிறகு துண்டுகளை இணைத்தார்கள். 2005இல் ஏபிடி-737 வந்தது. அதை வாயால் சாப்பிடும்படி மாற்றியதுதான் நாவிடோக்ளாக்ஸ். அது நீங்கள் கேட்ட மருந்து மாதிரிதான், பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல் இரண்டையும் அடைக்கும்.

நோயாளிகளுக்குக் கொடுத்தபோது, ரத்தம் உறைய உதவும் தட்டணுவின் எண்ணிக்கை விழுந்தது. மருந்தின் அளவை ஏற்ற முடியாமல் நின்றது. ஏன் என்பது 2007இல் மெல்போர்னிலிருந்து வந்த ஒரு கட்டுரையில் இருக்கிறது, கட்டாயம் தேடிப் படியுங்கள். தட்டணுவுக்குக் கருவே கிடையாது, பிரியாது. ஆனால் அதற்கும் அப்போப்டோசிஸ் உண்டு! ரத்தத்தில் அது ஒரு வாரம் பத்து நாள்தான் இருக்கும். அந்த ஆயுளை எண்ணுவது பிசிஎல்-எக்ஸ்எல்லும் பாக்கும். பிசிஎல்-எக்ஸ்எல் மெல்ல மெல்லக் குறைய, பாக்கின் கை ஓங்கும் நாளில் தட்டணு போகிறது. மருந்தால் பிசிஎல்-எக்ஸ்எல்லை அடைத்தால் இன்று பிறந்த தட்டணுவையும் கிழடாக்கி அனுப்பிவிடுகிறோம். இந்தக் கட்டுரை படித்த வாரம் நான் ஆய்வகத்தில் எல்லோரையும் பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். கரு இல்லாத ஒரு துளிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதை நினைத்தால் இன்றும் உற்சாகம் வருகிறது.

அதற்குப் பிறகுதான் பிசிஎல்-எக்ஸ்எல்லைத் தொடாமல் பிசிஎல்-2வை மட்டும் பிடிக்கும்படி மூலக்கூறைத் திருத்தி வெனிடோக்ளாக்ஸ் வந்தது. எம்சிஎல்-1ஐ அடைக்கும் மருந்துகளும் சோதனைக்கு வந்தன. இதயத் தசை எம்சிஎல்-1ஐ நம்பி வாழ்கிறது. எலியின் இதயத்தில் அந்த ஜீனை நீக்கினால் இதயம் பழுதாகிச் சாகிறது என்று 2013லேயே தெரியும். மனிதச் சோதனைகளிலும் இதயச் சேதத்தின் அறிகுறி தெரிந்து சிலவற்றை நிறுத்த வேண்டியதாயிற்று.

எந்தச் செல் எந்தப் புரதத்தின் தயவில் உயிர் வாழ்கிறது என்பதை அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். தட்டணு பிசிஎல்-எக்ஸ்எல், இதயத் தசை எம்சிஎல்-1, சிஎல்எல் பிசிஎல்-2. தேர்வுக்கும் அதுவே போதும், ஆராய்ச்சிக்கும் அங்கிருந்து தொடங்கலாம். ஸீ. எலிகன்ஸ் புழுவையும் விட்டுவிடாதீர்கள். அதில் உருவாகும் 1,090 உடற்செல்லில் 131 குறிப்பிட்ட நேரத்தில் சாகும், ஒவ்வொரு புழுவிலும் அதே 131. அங்கே சாவைத் தடுக்கும் சிஇடி-9 ஜீனும் மனிதனின் பிசிஎல்-2வும் ஒரே வம்சம். மனித ஜீனைப் புழுவுக்குள் வைத்தாலும் புழுவின் செல் சாகாமல் நிற்கிறது. அந்தச் சோதனையும் வாக்ஸுடையதுதான், 1992.

---

பவானி_ஜமக்காளம்

20ம் 50ம் முடிஞ்சுதுங்க அக்கா. பொட்டாசியம் ஒரு தடவை லேசா ஏறி, குளுக்கோஸ் ட்ரிப் மாதிரி என்னமோ கூடுதலா ஏத்தினாங்க, மறுநாளே இறங்கிடுச்சு. கழுத்துல இருந்த கட்டி தடவினா தெரியவே இல்லை. அப்பா ரத்த ரிப்போர்ட்டை அவரே வாங்கிப் படிச்சுப் பாக்கறார்.

மாத்திரை ரெண்டு வருஷம்தான், அப்புறம் நிறுத்திடலாம்னு டாக்டர் சொல்றார். நல்லா வேலை செய்யற மாத்திரையை எதுக்கு நிறுத்தணும்னு அம்மா கவலைப்படறாங்க.

---

நுண்ணோக்கி

ரொம்ப சந்தோஷம் தம்பி.

ரிட்டுக்ஸிமாபோடு சேர்த்து இரண்டு வருஷம் என்பது முரானோ என்ற பெரிய சோதனையில் பார்த்த கணக்கு. 2018இல் வெளிவந்தது. திரும்ப வந்த சிஎல்எல்லில் பழைய கீமோ முறையைவிட இது தெளிவாக நன்றாக இருந்தது, 17பி போனவர்களிடமும். கால வரம்பு வைப்பதில் நியாயம் இருக்கிறது. மருந்தை நீண்ட காலம் தொடர்ந்து எடுத்த சில நோயாளிகளில் பிசிஎல்-2வின் அந்தப் பள்ளத்திலேயே ஒரு அமினோ அமிலம் மாறி, பிம்மைப் பிடிக்கும் ஆனால் மருந்தை உட்கார விடாத செல்கள் தலைதூக்கியதை மெல்போர்ன் குழு 2019இல் காட்டியது. நோய் மிகக் குறைந்துவிட்ட நிலையில் மருந்தை நிறுத்தி வைத்தால், பிறகு தேவைப்படும்போது அதே மருந்தைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கும் வாய்ப்பும் மிஞ்சுகிறது. நிறுத்துவதும் தொடர்வதும் உங்கள் டாக்டரின் முடிவுதான், அம்மாவை அவரிடமே நேரில் கேட்கச் சொல்லுங்கள்.

நோய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க எம்ஆர்டி டெஸ்ட் எழுதுவார். அது எங்கள் மாதிரி ஆய்வகத்துக்குத்தான் வரும். 10,000 வெள்ளையணுவில் ஒரு சிஎல்எல் செல் இருந்தாலும் பிடித்துவிடுவோம். சாம்பிள் பழசானால் செல்கள் குழாயிலேயே செத்துக் கணக்கு கெடும், அதனால் ரத்தம் எடுத்த அன்றே ஆய்வகத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் கொடுக்காதீர்கள். ரிப்போர்ட் வந்ததும் அது ரத்தத்தில் பார்த்ததா எலும்பு மஜ்ஜையில் பார்த்ததா என்று பாருங்கள். ரத்தத்தில் இல்லை என்று வந்த பிறகும் மஜ்ஜையில் கொஞ்சம் இருக்கலாம்.